கொன்வென்ற் பாடகர் குழாமுக்கு ஒரு பின்னேரம் வேணும்

ஓகன்காரி (யாழ்ப்பாணம்)

போன கிழமை எங்கட கொன்வென்ற் ஒளிவிழாவுக்குப் போயிருந்தன். மகள் இப்ப எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின்ர பேரை நான் இதில எழுதேல்லை, படிச்சவைக்கு விளங்கும்.

விழா வடிவாத்தான் நடந்தது. மூண்டாம் வகுப்புச் சின்னனுகள் ரிசூப் பேப்பரில செட்டை ஒட்டி சம்மனசுகளா வந்ததுகள். ஒரு பிள்ளையின்ர செட்டை மேடைக்கு ஏறுற படியில கழண்டிட்டுது. பின்னால நிண்ட ஏரோதின்ர சேவகன் தன்ர வாளைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு அதைக் கட்டிவிட்டான், அவனும் பத்தாம் வகுப்புப் பெட்டைதான். பாலன் குடிலுக்கு உண்மையான வைக்கோல் போட்டிருந்தவை. மண்டபம் முழுக்க அந்த மணம்.

பேந்து கரோல் கீதம். 24 பிள்ளையள் வெள்ளைச் சட்டையோட வரிசையில நிண்டினம். பாட்டு ஸ்பீக்கரில இருந்து வந்தது. முதலே பதிவு செய்து வைச்ச பாட்டு, ஆர் பாடினதெண்டும் தெரியாது. பிள்ளையள் வாயசைச்சினம். மூண்டாவது பாட்டுக்கு நடுவில பதிவு நிண்டிட்டுது. இரண்டாம் சரணம் தெரியாமல் 22 பேரும் அப்பிடியே நிண்டிட்டினம். பின்வரிசையில இரண்டு பேர் மட்டும் நிப்பாட்டாமல் பாடினவை. ஒராள் பாசையூர், மற்றவா நாவாந்துறை. ரெண்டு பேரும் தங்கட கோயில் பாடகர் குழாமில பாடுறவை. அந்த ரெண்டு குரலும் மைக் இல்லாமலே கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது.

நான் அங்க ஆறாம் வகுப்பிலயிருந்து ஆல்ரோ, அதாவது கீழ்க்குரல், பாடினனான். எங்களுக்குக் கிழமையில இரண்டு பின்னேரம் பயிற்சி. இப்ப பயிற்சியே இல்லையாம். ரீச்சரைக் கேட்டன். "1.30க்கு மணி அடிச்சா 1.40க்கு வளவு வெறுமை, எல்லாரும் ரியூசனுக்கு" எண்டு சொன்னவா. அவாவில பிழையில்லை, இரண்டு தவணையா முயற்சி செய்து பார்த்திருக்கிறா.

கிழமையில ஒரேயொரு பின்னேரத்தைப் பிள்ளையளுக்கு எடுத்துக் குடுக்க எங்களால ஏலுமோ? இதுதான் என்ர கேள்வி. காசு கேட்டு இதை எழுதேல்லை.

ஸ்காபரோ அக்கா (கனடா)

வாசிச்ச உடனே நெஞ்சு அடைச்சுப் போச்சு தங்கச்சி. இங்க பழைய மாணவியள் நாங்கள் இராப்போசன விருந்து வைச்சுச் சேர்த்த காசு மேடைக்குப் பெரிய எல்ஈடி திரை வாங்கவெண்டு ஒதுக்கி இருக்கு. இன்னும் அனுப்பேல்லை. அதைப் பாட்டு ரீச்சர் ஒராளுக்குச் சம்பளமாக் குடுத்தால் சரிவருமோ? திரைதான் முதல் தேவை எண்டு இஞ்ச சிலர் நிக்கினம், ஆனா கதைச்சுப் பார்க்கலாம்.

கொக்குவில் அம்மா

நான் வேறொரு பக்கத்தைச் சொல்ல வேணும், கோவிக்கக் கூடாது.

என்ர மூத்தவள் பத்தாம் வகுப்பு. 2.15க்கு விஞ்ஞானம், 4.30க்குக் கணிதம். ரியூசனுக்கு விடுற தாய்மாரை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கினம். பல்கலைக்கழகத்துக்குத் திறமை அடிப்படையில 40 வீதம், மாவட்ட அடிப்படையில 55 வீதம் எடுக்கினம். யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ள எங்கட பிள்ளை ஆரோட போட்டி போடுது எண்டு யோசியுங்கோ. ஏ எல் சோதனை இசட் புள்ளியில ஒரு தசமம் குறைஞ்சாலும் மருத்துவம் போட்டுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு இடத்துக்குப் போகேக்க நான் மட்டும் பாட்டுக்கு விட்டிட்டு இருக்க மனம் வராது.

பாட்டு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஓ எல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளையளைத் தொடாதேங்கோ எண்டுதான் கேக்கிறன். கீழ் வகுப்புகளோட செய்யுங்கோ.

ஓகன்காரி

கொக்குவில் அம்மா, நீங்கள் சொல்லுறது நியாயம். நானும் அதே ரியூசன் வாசலில சைக்கிளோட நிக்கிற தாய்தான். ஆறு தொடக்கம் ஒன்பது வரைக்கும் எண்டு வைப்பம்.

மணியடிச்ச ரீச்சர்

நான் அங்க 31 வருஷம் படிப்பிச்சு ஓய்வு பெற்றனான். இந்தப் பின்னேரம் எப்பிடிப் போனது எண்டு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன், கொஞ்சம் நீளும்.

1862இல திருக்குடும்பச் சகோதரிகள் பிரான்சின்ர பொர்தோ நகரில இருந்து யாழ்ப்பாணம் வந்தவை. கூப்பிட்டவர் அமலமரித் தியாகிகள் சபை செமேரியா ஆண்டகை. அவை வந்த காலத்தில பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுறதெண்டா வீட்டில பெரிய கதை. அதால எழுத்தோடயும் கணக்கோடயும் தையல், ரேந்தை பின்னல், பாட்டு எல்லாம் சேர்த்துத்தான் படிப்பிச்சினம். தூர இடத்துப் பிள்ளையளுக்கு விடுதி. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடங்களில பாட்டு தொடக்கத்தில இருந்தே படிப்போட சேர்ந்து வந்த சாமான். பிறகு வந்து ஒட்டினதில்லை.

பின்னேரத்தை உயிரோட வைச்சிருந்தது விடுதிதான். போடிங் பிள்ளையள் வளவுக்குள்ளயே இருந்ததால நாலு மணிக்கு வலைப்பந்து, ஐஞ்சரைக்குப் பாட்டு, ஆறு மணிக்குச் செபமாலை, பேந்து படிப்பு. ரவுண் பிள்ளையளும் அதோட இழுபட்டு நிண்டினம். அறுபதுகளில வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. லத்தீன் பாட்டுக் கொப்பியளை அலுமாரிக்குள்ள வைச்சிட்டுப் புதுத் தமிழ்ப் பாட்டுகளுக்கு இரண்டு குரல், மூண்டு குரல் எழுதிப் பழகினதும் அந்தப் பின்னேரங்களிலதான். அந்தக் காலத்துப் பிள்ளை ஒராளை எழுப்பிக் கேட்டாலும் தன்ர குரலைப் பிசகாமல் பாடுவா.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்து உதவி பெறும் பாடசாலையளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதுக்குப் பிறகும் கன சிஸ்ரர்மார் ஆசிரியர்களா நிண்டவை. வயது போய் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு இடமாற்றத்தில வாற ஆசிரியர்கள் வந்தினம். அவையும் நல்லாப் படிப்பிக்கினம். ஆனா அவைக்கு வீடு இருக்கு, பிள்ளை இருக்கு, இரண்டு மணி பஸ் இருக்கு. வளவுக்குள்ளயே குடியிருந்து ஐஞ்சரைக்கு ஓகன் வாத்தியத்தைத் திறக்கிற ஆள் இல்லாமல் போச்சு. பிறகு சண்டைக் காலம், விடுதிப் பிள்ளையளும் குறைஞ்சு போச்சினம். ரியூசன் பின்னேரத்தைப் பறிச்சது எண்டு சொல்லுறம். எனக்குத் தெரிஞ்ச மட்டில பின்னேரம் முதலே காலியாத்தான் கிடந்தது. ரியூசன் அதுக்குள்ள வந்து குந்தினது.

ஸ்காபரோப் பிள்ளைக்கு ஒரு சொல்லு: சம்பளத்துக்கு ஆள் எடுத்தாலும் பிள்ளையள் நிக்காட்டி அவ வெறும் கதிரைக்குத்தான் படிப்பிப்பா.

சுண்டல் தந்தவள் (லண்டன்)

ரீச்சர், உங்களை எந்த ரீச்சர் எண்டு கண்டுபிடிச்சிட்டன் போல இருக்கு. மூவேளைச் செபத்துக்கு மத்தியானம் மணி அடிச்ச உடனே சோக்கட்டியைக் கீழ வைப்பியள், பாதிக் கணக்கு கரும்பலகையில அப்பிடியே நிக்கும். நீங்கள்தானே?

நான் சைவப் பிள்ளை. எட்டு வருஷம் கரோல் பாடினன். வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை. அம்மா ஒளிவிழாவுக்கு முன்வரிசையில வந்து இருப்பா. நவராத்திரிக்கு வாணி விழா வைக்க சிஸ்ரர் மண்டபச் சாவியைத் தானே கொண்டு வந்து தருவா. அவல், கடலைச் சுண்டல் எல்லாம் நாங்கள் வகுப்பு வகுப்பாக் கொண்டு போய்க் குடுப்பம், மடத்துக்கும் ஒரு சட்டி போகும். சகலகலாவல்லி மாலைக்குச் சுருதி பிடிச்சது அதே ஓகன்தான், பிடிச்சவாவும் பாடகர் குழாமில இருந்த கத்தோலிக்கப் பிள்ளை.

அதால ஒண்டு கேக்கிறன். பயிற்சி தொடங்கினால் சைவப் பிள்ளையளையும் கட்டாயம் கூப்பிடுங்கோ. கோயிலடிப் பிள்ளையளுக்குப் பாட எப்பிடியும் ஒரு இடம் இருக்கு. எங்களைப் போல ஆக்களுக்குப் பல குரலில சேர்ந்து பாடப் பழக வேற இடம் கிடைச்சதே இல்லை.

சோனகதெருப் பேத்தி (புத்தளம்)

நான் உங்கட பள்ளிக்கூடத்தில படிக்கவில்லை, உம்மா படிச்சவ. 1990 ஒக்டோபரில முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றினபோது உடுத்த உடுப்போட வந்த குடும்பம் எங்களது. சான்றிதழ், படம் ஒண்டும் கொண்டு வர விடவில்லை. உம்மாவுக்கு மிஞ்சினது பாட்டுத்தான். சமைக்கும்போது பள்ளிக்கூடக் கீதத்தை முழுசாப் பாடுவா, இரண்டாம் குரலில. முதல் குரல் எப்படி இருக்கும் எண்டு எனக்கு இன்டைக்கும் தெரியாது. யாராவது பாடிப் பதிவு செய்து அனுப்புவீங்களா? அவக்கு இப்ப 68 வயது.

ஓகன்காரி

தங்கச்சி, கட்டாயம் அனுப்புவன். உங்கட உம்மாவின்ர இரண்டாம் குரலைப் பதிந்து எனக்கு அனுப்பி விடுங்கோ. இப்ப அங்க அதை ஒருத்தரும் பாடுறதில்லை, எல்லாரும் முதல் குரல்தான். எங்களுக்கும் அது தேவை.

குருநகர் வலை

நான் எழுதிப் பழக்கமில்லாத ஆள், பிழை இருந்தால் பொறுங்கோ. என்ர அவர் கடல் தொழிலுக்குப் போறவர். ரெண்டு பெட்டையளும் அங்கதான் படிக்கினம்.

2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறினது. வள்ளம் கரையில கிடந்தது. விடிய வீட்டில தேத்தண்ணி மட்டும்தான். பிள்ளையள் ரெண்டு தரம் காலமை ஒன்றுகூடலில தலைசுத்தி விழுந்திட்டினம். சிஸ்ரருக்கு விளங்கிப் போச்சு, ஒருத்தரையும் கூப்பிட்டு விசாரிக்கேல்லை. அடுத்த கிழமையில இருந்து மடத்துக் குசினியில இலைக்கஞ்சி. தவக்காலத்தில பிள்ளையள் வீட்டில இருந்து பிடியரிசி கொண்டு வந்து குடுக்கிற வழக்கம் இருக்கல்லோ, அதைத் தவக்காலம் இல்லாமலே தொடக்கிச்சினம். ஏலுமானவை அரிசி, ஏலாதவை முருங்கையிலை, வல்லாரை, ஒரு தேங்காய்ப் பாதி. ஆர் என்ன கொண்டு வந்தது எண்டு தெரியாமல் இருக்கவெண்டு எல்லாம் ஒரே கடகத்துக்குள்ள. கஞ்சியும் எல்லாருக்கும், இல்லாத பிள்ளையைத் தனிய எடுத்து நிப்பாட்டிக் குடுக்கிறதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த வருஷ ஒளிவிழாவில மேடை கொள்ளாத பிள்ளையள் பாடினவை. என்ர ரெண்டு பேரும் நிண்டவை. பெற்றோல் இல்லாமல் ரியூசன் பாதி நிண்டு போச்சு, பள்ளிக்கூடத்தில சாப்பாடு இருந்தது. அதால பிள்ளையள் வீட்டுக்கு ஓடேல்லை. எங்களுக்கு ஒண்டும் இல்லாத வருஷம்தான் பாட்டு நல்லா இருந்தது.

பசியோட ஒரு பிள்ளை பின்னேரம் நிக்காது. 1.30 வரைக்கும் இருக்கிறதே பெரிசு.

மணியடிச்ச ரீச்சர்

பிள்ளை, இதை விட வடிவா ஒருத்தரும் எழுத ஏலாது.

தலைவி 13ஆம் வகுப்பு

வணக்கம் அக்காமாரே, ரீச்சர். நான் இப்ப அங்க மாணவத் தலைவி. எல்லாத்தையும் வாசிச்சன். வாயசைச்சதெண்டு எழுதினது கொஞ்சம் குத்தினது, ஆனா உண்மைதான். முதல்நாள்தான் எங்களுக்குப் பாட்டைத் தந்தவை.

ஆனா நாங்கள் ஒண்டும் செய்யாமல் இருக்கேல்லை எண்டதையும் சொல்ல வேணும். மாசியில இல்ல விளையாட்டுப் போட்டி நடந்தது. எங்கட இல்ல அலங்காரத்துக்கு ஒரு பிள்ளையின்ர அப்பா பழுதாப்போன வள்ளம் ஒண்டைத் தந்தவர். அதை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில ஏத்திக்கொண்டு வந்து, ஓட்டை தெரியாமல் பனையோலை பின்னி மூடி, ஏழு அம்மாமாரின்ர பழைய நீலச் சீலையளைத் தைச்சுப் பாய் கட்டினனாங்கள். காத்து வந்தபோது பாய் உண்மையாவே புடைச்சது, நடுவர்மார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிண்டினம். முதலிடம் கிடைக்கேல்லை. அணிநடையில முதலாவது. ஒக்டோபர் முழுக்க வகுப்பு முறையில மாதா கெபியடியில செபமாலை சொன்னனாங்கள். முதியோர் இல்லத்துக்குப் போய் நகம் வெட்டி, தலை இழுத்து விட்டிட்டு வந்தனாங்கள். அங்க ஒரு அம்மம்மா எங்கட பள்ளிக்கூடம், 1950களில படிச்சவா. எங்களைப் பாடச் சொல்லிக் கேட்டவா. எங்களுக்கு ஒரு பாட்டும் முழுசாத் தெரியேல்லை. அவாதான் பாடினவா. அண்டைக்குத் திரும்பி வரேக்க பஸ்ஸில ஒருத்தரும் கதைக்கேல்லை.

இப்ப பயிற்சியைப் பற்றி. திங்கள், புதன், வெள்ளி சரிவராது. 6 தொடக்கம் 9 வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை ரியூசன் 3.30க்குத்தான் தொடங்குது, நான் வகுப்பு வகுப்பாப் போய்க் கேட்டுப் பார்த்தன். 1.45 தொடக்கம் 2.45 வரைக்கும் நிக்கலாம் எண்டு 37 பேர் கை உயர்த்தினவை. அதில 19 பேர் சைவப் பிள்ளையள். காரைநகர், ஊர்காவற்றுறைப் பிள்ளையள் காலமை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு வாறவை, அவைக்குச் சாப்பாடும் வேணும், பஸ்ஸும் தவறக் கூடாது. 2.45க்கு மேல ஒரு நிமிஷமும் வைச்சிருக்கக் கூடாது. ஒரு தரம் பஸ் தவறினால் அடுத்த கிழமை வீட்டில விடமாட்டினம்.

கொக்குவில் அம்மா

என்ர சின்னவள் ஏழாம் வகுப்பு. அவளும் கை உயர்த்தினவளாம், இப்பதான் கேட்டன். செவ்வாய் விடுறன். மாதத்தில ஒரு செவ்வாய் சமையலும் என்ர பொறுப்பு. மரக்கறிச் சோறுதான் தருவன், அது எல்லாரும் சாப்பிடலாம்.

ஸ்காபரோ அக்கா

திரைக்காசில செவ்வாய்ச் சாப்பாடு குடுக்கிறதைப் பற்றி நேற்றிரவு இங்க தொலைபேசியில எல்லாரும் கதைச்சம். உள்ளதைச் சொல்லுறன், இரண்டு பேர் கடும் கோவம். திரை எண்டா எங்கட வருஷத்துப் பேர் போட்டுத் திறக்கலாம், சோத்துப் பார்சலில என்னத்தைத் திறக்கிறது எண்டு ஒராள் கேட்டவா. குருநகர் வலை எழுதினதை நான் அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு அவாவே சொன்னவா, முதல் தவணைச் சாப்பாட்டுச் செலவு முழுக்கத் தன்ர பங்கு எண்டு. திரைக்காசில மிச்சத்தை இப்ப தொடேல்லை, அதை வருஷக் கூட்டத்தில தீர்மானிப்பம். அதுவும் தேவை இல்லாத சாமானில்லை, மழைக்கு ஊறிக் கிழிஞ்ச பின்சீலையோட பிள்ளையள் நாடகம் போடுறதை நானும் படத்தில கண்டனான்.

குருநகர் வலை

அக்கா, பார்சல் வேண்டாம். கடைப் பார்சல் 40 வாங்கிற காசுக்கு நாங்கள் 60 பேருக்குச் சமைப்பம். அரிசி, தேங்காய், பருப்பு வாங்க மட்டும் அனுப்புங்கோ. எங்கட பக்கத்தில ஆறு தாய்மார் இருக்கிறம், முறை வைச்சுச் செய்வம். மடத்துக் குசினிக் கிடாரம் இன்னும் கிடக்கு.

சுண்டல் தந்தவள்

என்னட்ட பழைய பாட்டுக் கொப்பி இருக்கு, ஆல்ரோ எல்லாம் சிவப்புப் பேனையில. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணச் சனமே சண்டையால இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நடக்கேக்க அம்மா உடுப்புப் பையில இதையும் வைச்சவா. ஏன் எண்டு நான் கேக்கேல்லை, அவாவும் சொல்லேல்லை. அந்த நத்தாருக்குத் தென்மராட்சியில ஒரு கோயில் விறாந்தையில இதைப் பார்த்துத்தான் பாடினனாங்கள். மழை ஈரம் பட்டு ஓரம் பழுத்துப் போச்சு, எழுத்து அழியேல்லை. ஒவ்வொரு பக்கமாப் படம் எடுத்து அனுப்புறன்.

ஓகன்காரி

இண்டைக்குப் பின்னேரம் சிஸ்ரரைச் சந்திச்சிட்டு வாறன். அனுமதி தந்திட்டா. நிபந்தனை இரண்டு: பெற்றோரின்ர கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையையும் நிப்பாட்டக் கூடாது, 2.45க்கு வாசலில பொறுப்பான ஒராள் நிக்க வேணும். வாசலுக்கு மணியடிச்ச ரீச்சர் வாறன் எண்டு சொல்லியிருக்கிறா.

ஓகனைத் திறந்து பார்த்தன். பூச்சி அரிச்ச மணம். நடுவில இரண்டு கட்டை அழுத்தினால் மேல வராது, துருத்திச் சீலை ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. குருநகரில தச்சுவேலை செய்யிற ஐயா ஒராள் வந்து பார்த்திட்டு, தோல் கிடைச்சா ஒரு கிழமை வேலை எண்டவர். அது வரைக்கும் கீபோட்டில செய்வம்.

ஊரில இருக்கிற பழைய மாணவியள் மூண்டு பேர் மாறி மாறி வருவம். நாலாவது ஆளும் வேணும். சொப்ரானோ பாடினவை ஆரும் வவுனியாவுக்கு இங்கால இருந்தால் எழுதுங்கோ.

புத்தளத்து உம்மாவின்ர பதிவு நேற்று வந்தது. பின்னால மீன் பொரியிற சத்தம், அதுக்கு மேலால அவாவின்ர குரல், ஒரு சுரமும் விலகேல்லை. முதல் செவ்வாய் பிள்ளையளுக்கு அதைப் போட்டுக் காட்டி, பள்ளிக்கூடக் கீதத்தின்ர இரண்டாம் குரலில இருந்துதான் தொடங்கப் போறன். இரண்டு குரலையும் சேர்த்துப் பாடினதும் பதிந்து அவாவுக்கு அனுப்புவம்.

முதல் பயிற்சி வாற செவ்வாய், 1.45, பழைய பாட்டறையில. அண்டைக்குச் சமையல் குருநகர்.